ஏழு கடையும் ஒரு ஊசியும்

மேலகரம்,
12.7.2025

இசக்கிராஜாவுக்கு,

அன்புள்ள என்று போடாததைக் கவனித்திருப்பாய். கைதிக்கு வருகிற கடிதத்தை அங்கே ஒரு அலுவலர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று போலீஸில் இருக்கிற என் கொழுந்தன் சொன்னார். நல்லதாகப் போயிற்று. முதலில் அவருக்கே நாலு வரி எழுதிவிடுகிறேன்.

ஐயா, வணக்கம். என் பெயர் உமாராணி. தென்காசியில் ஒரு மெடிக்கலில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். உங்களிடம் இருக்கிற இலஞ்சி இசக்கிராஜா என் தம்பி சுபாஷைக் கொன்றவன். அவன் கொன்ற விதத்துக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அதனால்தான் போதைக்கு வலி மாத்திரை விற்ற வழக்கில் உங்களிடம் வந்திருக்கிறான். பார்க்க அப்பாவி மாதிரி இருப்பான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஏமாந்துவிடாதீர்கள்.

இனி உனக்கு. உன்னைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிப் பாதையில் நீ எண்ணெய்ப் பெட்டியைத் திறந்துவைத்து ஆயில் மசாஜுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதா உடுப்பில் இரண்டு பேர் வந்தார்களே, அனுப்பியது என் கொழுந்தன். பெட்டிக்கு அடியில் தகரத்தை நெம்பினால் இன்னொரு தட்டு இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். சுபாஷ் சொன்னது. படுக்கையில் கிடந்தபோது பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டே சொன்னான். உன்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. எனக்கு இருந்தது. ஒன்றரை வருஷம் அதை மனதுக்குள் வைத்திருந்தேன்.

போன வருஷமே செய்திருக்கலாம். ஆனால் சீசன் நன்றாக இருக்கிற வருஷம், நீ கூட்டத்துக்கு நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற நாளில், எல்லோரும் பார்க்கப் பிடிபட வேண்டும் என்று காத்திருந்தேன். 2011 சீசனில் என் தம்பிக்கு முதல் போதை ஊசியைப் போட்டவன் நீ. அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. முப்பத்தைந்தில் முடிந்துவிட்டான்.

குற்றாலத்தில் இந்த வருஷம் நல்ல சாரல். எல்லா அருவியிலும் தண்ணீர் விழுகிறது. நீ பாளையங்கோட்டை வெயிலில் கிட.

உமாராணி

பாளையங்கோட்டை,
24.7.2025

அன்புள்ள உமாக்காவுக்கு,

நான் அன்புள்ள என்றே போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இங்கே படித்த ஐயா என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "யாருலே இந்தப் பொம்பளை, இந்தப் போடு போட்டிருக்கா" என்று கேட்டார். எங்க அக்கா என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள்தான் என்று எனக்கு ஜீப்பில் ஏறும்போதே தெரியும். அந்தத் தகரத்தை நெம்பத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவன் நான். இன்னொருவன் உங்களிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன், ஊசியைத் தவிர. மாத்திரை விற்றேன், ஜெயிலில் இருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் குழப்பமாக இருந்தது. ஊர் பூராவும் மஞ்சள்காமாலை என்றுதானே சொன்னீர்கள்? காமாலையில் செத்தவனை நான் எப்படிக் கொன்றேன்?

குழப்பமாக இருந்தது என்று எழுதினேன். இப்போது இல்லை. போன வாரம் இங்கே ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. எனக்கு ஹெபடைடிஸ் சி என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா தனியாக உட்காரவைத்து, முன்னால் எப்போதாவது ஊசி போட்டிருக்கிறாயா, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போட்டதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். இந்தக் கிருமி ரத்தத்தில் பத்து, பதினைந்து வருஷம் ஒரு தொந்தரவும் காட்டாமல் இருக்குமாம். உள்ளே ஈரலைத் தின்றுகொண்டே இருக்குமாம். கடைசியில் கண் மஞ்சளாகும், வயிறு வீங்கும் என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சுபாஷின் கண் ஞாபகம் வந்தது.

அக்கா, அவனுக்கு வந்தது காமாலைதானா? அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்குகிற அன்றைக்கு நான் வந்தபோது தெரு முனையிலேயே நிறுத்தி, செருப்பால் அடிப்பேன் என்று விரட்டினீர்களே. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. குடிக்கக் கூட்டிக்கொண்டு போனதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஈரல் இன்னும் கெடவில்லையாம். பன்னிரண்டு வாரம் தினமும் மாத்திரை, செலவு கிடையாது, முடிந்தால் நோய் போய்விடும் என்கிறார். உங்களுக்கு இது சந்தோஷமான செய்தி இல்லை என்று தெரியும். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தொடங்குகிறார்கள்.

இப்படிக்கு,
இசக்கிராஜா

மேலகரம்,
4.8.2025

இசக்கிராஜாவுக்கு,

ஆமாம். அதே நோய்தான். போதுமா?

காமாலை என்று ஊரிடம் சொன்னது நான். அம்மாவிடம் சொன்னதும் நான். என் மாமனார் வீட்டில் மூன்று பேர் போலீஸ். மருமகளின் தம்பி ஊசி போட்டுக் கெட்டான் என்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? ரிப்போர்ட்டை என் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு, வந்து கேட்டவர்களிடம் எல்லாம் காமாலை, காமாலை என்றேன். அவனுக்கு அப்போது ஈரல் கல்லாகிவிட்டது. குடியும் சேர்ந்து அரித்திருக்கிறது. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஊசியை அவன் விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது, அது தெரியுமா உனக்கு? பத்து வருஷம் ஒழுங்காக ஆட்டோ ஓட்டினான். நோய்க்கு அதெல்லாம் தெரியவில்லை.

உனக்கு மட்டும் பன்னிரண்டு வாரத்தில் சரியாகிவிடுமாம். ஜெயிலில் உட்காரவைத்து அரசாங்கம் ஊட்டிவிடுமாம். கூடச் சேர்ந்து செய்த இரண்டு பேரில் ஒருவன் சிற்றாற்றில் கரைந்துபோனான், கற்றுக்கொடுத்தவன் குணமாகி வெளியே வந்து மறுபடி எண்ணெய்ப் பெட்டியைத் தூக்குவான். எனக்கு வயிறு எரிகிறது. கடிதத்தைப் படித்த அன்றைக்கு மெடிக்கலில் ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, தெரு வரைக்கும் ஓடிப் போய் வாங்கி வந்தேன்.

நான் என்ன செய்யாமல் விட்டேன்? 2012இல் அவன் பேண்ட்டைத் துவைக்கப் போட்டபோது பையில் ஊசி இருந்தது. அழுதுகொண்டு உட்காரவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஏழு மெடிக்கல் ஏறி இறங்கினேன், நான் வேலை பார்க்கிற கடையையும் சேர்த்து. உங்கள் இரண்டு பேர் போட்டோவையும் காட்டி, "அண்ணாச்சி, இந்த ரெண்டு மூஞ்சிக்கும் ஊசி குடுத்துராதீக. குடுத்தீகன்னா எங்க போலீஸ் மாமாவோட வந்து நிப்பேன்" என்றேன். ஏழு பேரும் கேட்டார்கள். அடுத்த வருஷமே அவன் விட்டான். என் தம்பியை நான் மீட்டேன். நீ போட்ட விஷம் மட்டும் உள்ளே இருந்துவிட்டது.

உனக்கு வெட்கம், மானம் என்று ஏதாவது இருந்தால் அந்த மாத்திரையைத் தொடாதே. அவன் செத்த மாதிரியே சா. அதை நான் பார்க்க வேண்டும்.

உமாராணி

பாளையங்கோட்டை,
14.8.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. பத்து நாள் மாத்திரை தின்றிருந்தேன். பதினொன்றாம் தேதியிலிருந்து நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா திட்டினார், அப்புறம் கெஞ்சினார். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னீர்கள், செய்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால், ஏன் நிறுத்தினான் என்று யாராவது கேட்டால், தேடிக் கஷ்டப்பட வேண்டாம். கொழுந்தனாரிடமும் சொல்லி வையுங்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். சொல்லவே கூடாது என்று இருந்தேன். சா என்று எழுதிய பிறகு எனக்கு என்ன தயவு?

அந்த ஏழு கடை. அதற்கு முன்னால் நாங்கள் ஆளுக்கொரு ஊசி, ஒவ்வொரு முறையும் புது ஊசிதான் போட்டோம். பிரித்த உறையைக்கூடக் கீழே போடமாட்டான் உங்கள் தம்பி, அவ்வளவு சுத்தம். உங்கள் கடையிலேயே வாங்கியிருக்கிறோம், நீங்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து. நீங்கள் போட்டோவைக் காட்டிவிட்டு வந்த மறுநாள் முதல் ஒருத்தரும் தரவில்லை. பழக்கம் அதற்காக நிற்குமா? செங்கோட்டையில் எங்கேயோ இருந்து ஒருவன் ஒரு ஊசி கொண்டுவந்தான். ஒன்றே ஒன்று. நாங்கள் நான்கு பேர். அந்த ஆவணி முழுக்க அந்த ஒரு ஊசிதான். அடுத்தது கிடைத்தபோது அதையும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

பயம் இல்லாமல் இல்லை. ஒருத்தன் போட்டதை அடுத்தவன் போடும் முன்னால் சிற்றருவிக்குக் கொண்டுபோய் அலசுவோம். சுபாஷ்தான் அலசுவான். "ஏலே, இது மூலிகைத் தண்ணிலே. கிறுக்குப் பிடிச்சவனே இதுல குளிச்சாத் தெளிஞ்சிருதான். கிருமியா நிக்கப் போவுது" என்பான். நாங்கள் நம்பினோம். குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவன் அந்தத் தண்ணீரை நம்பாமல் வேறு எதை நம்புவான்? சுத்தமாக இருக்கிறோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது. அந்த நான்கு பேரில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. எனக்கு அவன் கொடுத்தானோ, அவனுக்கு நான் கொடுத்தேனோ.

முதல் ஊசி நான் போட்டேன். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊசி புதுசு. அவனைக் கொன்றது எந்த ஊசி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மெடிக்கலில்தானே வேலை பார்க்கிறீர்கள்.

இசக்கிராஜா

மேலகரம்,
30.8.2025

இசக்கிராஜாவுக்கு,

நீ பொய் சொல்லுகிறாய்.

இந்த ஒரு வரியை எழுதி உறையில் போட்டு மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போகிறேன், போடவில்லை. பிறகு கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் மெடிக்கலுக்கு முத்துச்செல்வி என்று ஒரு நர்ஸ் வருவாள். யாருக்கோ கேட்பது போல அவளிடம் கேட்டேன். ஊசியை ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசினால் இந்தக் கிருமி போய்விடாதா என்றேன். சிரித்தாள். "தண்ணியில அலசினா என்னக்கா போவும்? அது ஊசிக்குள்ள கெடக்கும். அந்தப் பழக்கம் உள்ளவங்களுக்குப் புது ஊசி குடுத்தாத்தான் தப்பிப்பாங்க. சில ஊர்ல கவர்மெண்டே குடுக்கு. ஊசியப் பூட்டி வச்சா பழக்கம் போவாதுக்கா, சீக்குதான் வரும்" என்றாள். பிறகு அவள் வாங்க வந்த பஞ்சை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கடையில் நிற்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதை உன்னிடம் ஏன் சொல்லுகிறேன் என்று தெரியவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊசி கிடைக்காவிட்டால் மனுஷன் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அக்கா என்றால் அப்படித்தான் நினைப்பாள். கிடைக்காத ஊசியை நான்கு பேர் பங்கு போடுவீர்கள் என்று எந்த அக்காவுக்குத் தோன்றும்? நீ அவனைத் தொடாமல் இருந்திருந்தால் நான் எந்தக் கடைக்கும் ஏறியிருக்கவே மாட்டேன். அதனால் முதல் குற்றம் உன்னுடையதுதான். அதை நான் விடமாட்டேன்.

சாவதும் சாகாததும் உன் இஷ்டம். என் கடிதத்தைக் காட்டி மிரட்டாதே, நான் போலீஸ் வீட்டு மருமகள். மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டாயா? சும்மா கேட்டேன்.

ஒன்று மட்டும். இந்த ஊசி, அருவி, ஏழு கடை, இதெல்லாம் உன்னோடும் என்னோடும் போகட்டும். அவன் போன பிறகு அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது காமாலைதான், அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே பிரஷர் என்று இரண்டு வருஷமாக உப்பில்லாமல் சாப்பிட்டு எலும்பும் தோலுமாக இருக்கிறாள். இதையும் கேட்டால் தாங்கமாட்டாள்.

உமாராணி

பாளையங்கோட்டை,
9.9.2025

அன்புள்ள உமாக்காவுக்கு,

பெரியம்மாவுக்குப் பிரஷர் இல்லை.

இதை எழுதமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். உங்கள் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முப்பிடாதியம்மாள் என்று மனு போட்டு உங்கள் அம்மா என்னைப் பார்க்க வருகிறாள். ஜூலையில் ஒரு தடவை, ஆகஸ்டில் இரண்டு தடவை, இப்போது நாலாம் தேதி. உங்களிடம் சங்கரன்கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காலை ரயிலில் திருநெல்வேலிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறாள். எனக்கு அம்மா இல்லை, வேறு யாரும் வருவதும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று பின்னால் நகர்ந்தேன். அவள் கம்பி வலைப் பக்கம் முகத்தை வைத்து, "அவனப் பத்தி எதாச்சும் சொல்லுலே இசக்கி. எனக்குத் தெரியாதது எதாச்சும் இருந்தாச் சொல்லு" என்றாள். அவன் ஆட்டோவில் வந்த ஒரு மலையாளத்துக் குடும்பத்துக்கு வழி சொல்லத் தெரியாமல் அச்சன்கோவிலுக்கே கொண்டுபோய் விட்டுவந்த கதையைச் சொன்னேன். சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கதை கேட்கிறாள்.

போன மாதம் கடைசியில் வந்தபோது ரொம்ப மெலிந்திருந்தாள். சாப்பிடுகிறீர்களா பெரியம்மா என்றேன். அப்போதுதான் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

"காமாலைக்கு உப்பு ஆவாது, எண்ணெய் ஆவாது, கறி ஆவவே ஆவாது. எனக்குத் தெரியாதாலே? தெரிஞ்சும் குடுத்தேன். அன்னைக்கு ஞாயித்துக்கெழம. உமா மெடிக்கலுக்குப் போயிட்டா. பக்கத்து வீட்டுல கோழி கொதிக்கி. 'யம்மா, ஒரே ஒரு வாய்'ன்னு சின்னப் புள்ள கணக்காக் கேட்டான். வாங்கியாந்து ரெண்டு துண்டு வச்சேன். நாலாம் நாளு ரெத்தமா வாந்தி எடுத்துட்டான். எம்மவன நாந்தாம்லே கொன்னேன். அவனால இருக்க முடியாத பத்தியத்த நான் சாவுத வரைக்கும் இருக்கேன். உமாட்ட பிரஷருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வாயத் தொறந்துராத."

அக்கா, பத்தியம் முறிந்துதான் காமாலை ஏறிக் கொல்லும் என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் சொன்ன காமாலையை அவள் அப்படியே நம்பிவிட்டாள். நம்பினதால் அவளே கொலைகாரி ஆகிவிட்டாள்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கோழி இல்லை பெரியம்மா, ஊசி என்று. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் முதல் ஊசி யார் போட்டது என்று கேட்பாளே. என்னைப் பார்க்க வருகிற ஒரே ஆளும் வரமாட்டாளே. அதனால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் மாமனார் வீட்டுக்காக மறைத்தீர்கள், நான் இருபது நிமிஷ மனுவுக்காக மறைத்தேன். நம் இரண்டு பேரில் யார் மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். இல்லை என்றால் அவள் அடுத்த தடவை வரும்போது நான் சொல்லிவிடுவேன். உங்களைப் பழிவாங்க இதை எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுவும் இருக்கிறது.

மாத்திரை தொடங்கவில்லை.

இசக்கிராஜா

மேலகரம்,
25.9.2025

இசக்கிராஜாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மகாளய அமாவாசை அன்றைக்குச் சுபாஷுக்குப் படைத்து முடித்து, அம்மா தனக்கு உப்பில்லாத சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டைப் பார்த்திருக்கிறேன். "பரவாயில்லை, டாக்டர் பேச்சைக் கேக்கா" என்று நானே அடுத்த வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பீரோவிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட மறந்துவிட்டது. வாயால் சொன்னேன். ஊசி, உன் பெயர், என் ஏழு கடை, அருவியில் அலசியது, எதையும் விடவில்லை. ஈரல் முன்னாலேயே போய்விட்டது, அந்த இரண்டு துண்டுக் கறி ஒன்றும் செய்யவில்லை, டாக்டர் நாள் குறித்த பிறகுதான் நீ அதைக் கொடுத்தாய் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னை ஓங்கி ஒரு அறை விட்டாள். நாற்பத்திரண்டு வயதில் அம்மா கையால் அடி வாங்கினேன். "நாள் குறிச்சது ஒனக்குத் தெரியும். எம்புள்ள இன்னும் பத்து நாள்ல போயிருவான்னு ஒனக்குத் தெரியும். எனக்குச் சொல்லியிருந்தா அந்தப் பத்து நாளும் அவன் கேட்டதெல்லாம் ஆக்கிப் போட்டிருப்பேனே. ஒரு வாய்க்குக் கெஞ்ச வச்சிட்டியே பாவி" என்றாள்.

இசக்கிராஜா, இதை நான் யோசித்ததே இல்லை. அவள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வாள் என்பதும் தோன்றவில்லை, இதுவும் தோன்றவில்லை. அவனைப் பத்தியச் சோற்றோடு அனுப்பி வைத்தது நான். என் பொய் உண்மை மாதிரி தெரிய வேண்டும் என்று பத்தியத்தை ஒழுங்காக இருக்கவைத்தேன். அவன் எல்லாம் தெரிந்தவன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எனக்காக வாயை மூடிக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றான்.

அம்மா இப்போது என்னோடு பேசுவது இல்லை. வீட்டுப் பின் கட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். நான் போட்ட காப்பியைத் தொடுவது இல்லை. தண்ணீர்கூட அவளே பிடித்துக்கொள்கிறாள். என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார், அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமனார் வீட்டுக்கு இதற்குள் போயிருக்கும். போகட்டும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஆனால் சா என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், அதுவும் உன் மேல் உள்ள இரக்கத்தால் இல்லை. நீ செத்தால் தப்பித்துவிடுவாய். நான் தினமும் அந்தப் பின் கட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், நீ நிம்மதியாகப் போய்ச் சேருவாயா? அது நடக்காது. மாத்திரையைத் தின்னு. முழுசாகத் தின்னு. குணமாகி வெளியே வந்து, என் வீட்டுப் பின் கட்டில் அவள் முன்னால் நின்று, முதல் ஊசியை நான் போட்டேன் என்று உன் வாயால் சொல். அவள் உன்னையும் அடிக்கட்டும். என் தண்டனையை நான் மட்டும் ஏன் அனுபவிக்க வேண்டும்?

இன்னொன்று. கடையில் ஊசி கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது எதற்கு என்று கேட்பது இல்லை. முத்துச்செல்வி கொடுத்த சீட்டு ஒன்று இருக்கிறது, ரத்தப் பரிசோதனை எங்கே செய்வார்கள் என்று போட்டிருக்கும். அதையும் உறைக்குள் வைத்துக் கொடுக்கிறேன். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. மற்ற ஆறு கடைக்கும் ஒரு நாள் போக வேண்டும், கால் வரமாட்டேன் என்கிறது.

உமாராணி

பாளையங்கோட்டை,
10.10.2025

அன்புள்ள உமாக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய நாளெல்லாம் கணக்கில் இல்லை, முதலிலிருந்து தொடங்கு என்றார். அக்டோபர் மூன்றாம் தேதி தொடங்கினேன். காலையில் வரிசையில் நின்று, கொடுக்கிறவர் முன்னாலேயே விழுங்க வேண்டும்.

நேற்று வியாழக்கிழமை பெரியம்மா வந்தாள்.

இனி வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கதை எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். பெரியம்மா, முதல் ஊசி நான்தான் போட்டேன் என்றேன். வெளியே வந்து பின் கட்டில் நின்று சொல்லும்வரை பொறுக்க முடியவில்லை. அவள் இருபது நிமிஷமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நடுவில் கம்பி வலை இருக்கிறதே.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து சொன்னார். அவள் எழுந்திருந்து, வலையில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு மாத்திரைய முழுங்கினியாலே?" என்றாள்.

முழுங்கினேன் பெரியம்மா என்றேன்.

"வாயத் தொற."

காலையிலேயே விழுங்கியாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சுற்றி நாற்பது பேர் மனு பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வாயைத் திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். எட்டிப் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நன்றாகப் பார்த்தாள். காவலர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த வாரமும் வருவேன், பாப்பேன். பன்னெண்டு வாரமும் வருவேன். நீ செத்துகித்துப் போயிராத, கேட்டியா? நல்ல ஒடம்போட வெளிய வா. ஒனக்கு நான் வச்சிருக்கேன்."

சரி பெரியம்மா என்றேன்.

இப்படிக்கு,
இசக்கிராஜா